அகஸ்தியர் மலைக்கு ஆயத்தம்

நம்மவர்கள் யாத்திரைக்குப் புறப்படும் விதம் அலாதியானது. காசிக்குப் போகிறவரும் சரி, அடுத்த ஊர்க் கலியாணத்துக்குப் போகிறவரும் சரி, முதலில் நாள் பார்ப்பார். பிறகு மூட்டை கட்டுவார். மூட்டையெல்லாம் கட்டி வாசல் திண்ணைக்கு வந்த பிறகுதான் எந்த ரயிலில் போவது என்று யோசிக்கத் தொடங்குவார். ஒரு ரயில் போனால் இன்னொரு ரயில் வரும். ஆகையால் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ரயிலும் மோட்டாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், பகல் முழுதும் காட்டில் நடந்தால் மட்டுமே கிட்டக்கூடிய ஒரு மலைக் குடிசைக்குக் குடும்பத்தோடு போவதென்றால் இந்த முறை உதவாது.

நான் சொல்லும் குடிசை அதிருமலையில் இருக்கிறது. அகஸ்தியர் மலையின் உச்சிக்குக் கீழே, அடர்ந்த காட்டின் நடுவில் வன இலாகாவினர் அமைத்திருக்கும் தங்குமிடம் அது. மாளிகை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தலைக்குமேல் கூரை, படுக்கப் பாய், பசிக்குக் கஞ்சி, சுற்றிலும் யானை உள்ளே வராமலிருக்க வெட்டிய அகழி, இவ்வளவுதான். இந்த ஆண்டு பருவத்தில் என் மனைவி, 16 வயதான மகள், மைத்துனர் ஆகியோருடன் நான் அங்கே போவதாக இருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சக உபாத்தியாயர்களோடு ஒரு தடவை போய் வந்தவன் என்ற முறையில், ஆயத்தங்களுக்கெல்லாம் என்னையே பொறுப்பாளியாக்கி விட்டார்கள். அந்த ஆயத்தங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திருநெல்வேலிக்காரனுக்கு இந்த மலையின்மேல் ஒரு தனிப் பற்று உண்டு, அதை ஒளிப்பானேன்? சிவபெருமானின் திருக்கலியாணத்தைப் பார்க்க எல்லோரும் கைலாசத்துக்குப் போய்விட, பூமியின் வடபுறம் தாழ்ந்து தென்புறம் உயர்ந்தது என்றும், அதைச் சமப்படுத்த அனுப்பப்பட்ட அகஸ்திய முனிவர் வந்து தங்கிய இடம் இந்தப் பொதிகை என்றும் நமது புராணம் சொல்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பூகோளம் எழுதிய தாலமி என்ற அறிஞர் குறிக்கும் பெத்திகோ என்னும் மலை நமது பொதிகையே என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இம்மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணியின் தண்ணீரைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். மேற்குச் சரிவில் நெய்யாறும் கரமனையாறும் பிறந்து மலையாள நாட்டுக்குப் போகின்றன. உச்சியின் உயரம் 1,868 மீட்டர். பழைய கணக்கில் 6,100 அடிக்குச் சற்று மேல்.

முற்காலத்தில் பாபநாசம், காரையாறு வழியாகக் கிழக்கேயிருந்து ஏறிப் போனவர்கள் உண்டு. அந்தப் பக்கம் இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக இருக்கிறது. யாத்திரிகர்கள் முறைப்படி அனுமதி பெற்று ஏறும் வழி மேற்கே கேரளத்தில், நெய்யாறு வன விலங்குச் சரணாலயத்தில் இருக்கிறது. ஆகவே பொதிகைக்குக் கிழக்கே குடியிருக்கும் நாங்கள், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சென்று, அங்கிருந்து விதுரா வழியாகப் போனக்காடு போய், மலையின் முதுகுப் பக்கமாக ஏற வேண்டும். வீட்டு வாசலில் நிற்கிறவனைப் பார்க்க ஊரைச் சுற்றிக் கொல்லைப்புறமாக வருவது போலத்தான். ஆனாலும் புலிக்கும் யானைக்கும் ஒரு பக்கமாவது நிம்மதி வேண்டாமா?

முதல் வேலை அனுமதி. வழக்கமாக ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி முடிய உள்ள நாட்களில்தான் பெருவாரியாக ஆட்களை விடுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. ஜனவரித் தொடக்கத்தில் வன இலாகாவின் கணினிப் பக்கம் திறக்கும். திறந்த சிறிது நேரத்திலேயே, தெப்பத் திருவிழாவில் குளக்கரைப் படிக்கட்டு நிறைவது போல் இடங்கள் நிறைந்துவிடும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விடுவதில்லை. அடையாள அட்டை வேண்டும். அண்மை ஆண்டுகளில் வைத்தியரின் உடல் தகுதி அத்தாட்சியும் கேட்கிறார்கள். பிளாஸ்டிக், மது, புகையிலை மூன்றும் கூடாது. மலையில் பூஜை செய்வதும் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் விதிகளில் சிற்சில மாறுதல்கள் வருவதால், போன வருஷம் போன நண்பர் சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டின் அறிவிப்பையே படிப்பது உத்தமம்.

வைத்தியரின் அத்தாட்சியைப் பற்றி என் மைத்துனர் சிறிது சலித்துக்கொண்டார். "தெரிந்த டாக்டர்தான், ஐந்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்" என்றார். கையெழுத்து யாருக்கு வேண்டும்? அதிருமலையில் ஆஸ்பத்திரி கிடையாது. வழியில் பெரும்பகுதி தொலைபேசியும் பேசாது. ஒருவருக்கு மார்பு வலியோ கால் முறிவோ நேர்ந்தால், நான்கு பேர் தோள் கொடுத்து அவரைக் காட்டு வழியே ஒரு பகல் முழுதும் தூக்கிவர வேண்டும். வீட்டில் படுத்துக்கொண்டு தெரிந்துகொள்ள வேண்டிய வியாதியை மலையில் போய்த் தெரிந்துகொள்வானேன்? மைத்துனரை இரத்த அழுத்தம் முதலியவற்றை ஒழுங்காகச் சோதித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். என் அக்காள் தம்பி என்றால் இன்னும் கொஞ்சம் அதட்டியிருப்பேன். மனைவியின் தம்பியாகையால் மரியாதையாகச் சொன்னேன்.

ஏன் ஜனவரியும் பிப்ரவரியும் மட்டும் என்று மகள் கேட்டாள். இந்த மலைக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும். அது ஓய்ந்த பின் வடகிழக்குப் பருவம் டிசம்பர் வரை இழுக்கும். மழைக் காலத்தில் ஓடைகள் கடக்க முடியாதபடி பெருகும்; பாறைகள் வழுக்கும்; அட்டைகளின் தொல்லையைச் சொல்லி முடியாது. மழை நின்று வெயில் கடுமையாகாத இடைவெளிதான் நமக்குக் கிடைப்பது. பிப்ரவரி கடந்தால் மலைமேல் உள்ள புல் காய்ந்து சருகாகிவிடும். காய்ந்த புல்லின் பயங்கரம் என்ன என்பதை 2018 மார்ச் 11 அன்று தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் கண்டோம். அன்று காட்டுத் தீயில் அகப்பட்டு மலையேறப் போனவர்களில் 20-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். புல் மேட்டில் தீ, காற்றின் வேகத்தோடு மேல் நோக்கி ஓடும். மனிதனால் அவ்வளவு வேகமாக ஏறி ஓட முடியாது. அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் இயற்றினார்கள். அனுமதி, வழிகாட்டி, காலம் என்று சர்க்கார் கேட்பதெல்லாம் வெறும் உபத்திரவம் என்று பேசுகிறவர்களுக்கு நான் குரங்கணியை நினைவூட்டுவது வழக்கம்.

இனி நடையின் கணக்கு. போனக்காட்டில், கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி வன இலாகாவின் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து அதிருமலைக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர், அதாவது 10 மைல். காலையிலேயே பெயர்களைச் சரிபார்த்து, சிறு சிறு கூட்டமாக வழிகாட்டிகளோடு அனுப்புகிறார்கள். 1892-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்து மலையேறியான நெய்ஸ்மித் என்பவர் ஒரு சூத்திரம் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம்; அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள். 10 மைல் தூரமும் 2,000 அடி ஏற்றமும் என்று வைத்துக்கொண்டால் 4 மணி 20 நிமிஷம் ஆகிறது. நெய்ஸ்மித் துரை குளிர் தேசத்தில், மலை நடையிலேயே பழகிய கால்களோடு நடந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் நடக்கும் என்னைப் போன்ற குடும்பஸ்தர்கள் அவர் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது. காலை 8 மணிக்குப் புறப்பட்டால், சாப்பாடும் இளைப்பாறலும் உட்பட, சாயங்காலம் 5 மணிக்குள் குடிசை சேரலாம். ஜனவரியில் ஆறேகால் மணியைத் தாண்டிச் சூரியன் அஸ்தமிக்கிறது. காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். ஆக, கையில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைப் புகைப்படம் எடுப்பதில் செலவழித்துவிடக் கூடாது என்று மகளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

இந்தக் கணக்கில் இன்னொரு சங்கதி உண்டு. நால்வர் போனால் நால்வரில் மிக மெதுவாக நடப்பவருடைய வேகமே எல்லோருடைய வேகம். எங்கள் வீட்டில் அது என் மனைவி. அவளுக்கு முழங்கால் சற்றுப் பலவீனம். மைத்துனரோ நெடுங்கால் ஆசாமி. அவரை முன்னே விட்டால் மறு கணம் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆகையால் வழிகாட்டியின் பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் மகள், அப்புறம் நான், கடைசியில் மைத்துனர் என்று வரிசை தீர்மானித்திருக்கிறேன். "முன்னால் போகிறவர்கள் நின்று காத்திருந்தால் போதாதா, அத்தான்?" என்று அவர் கேட்டார். போதாது. முன்னால் போனவர் உட்கார்ந்து களைப்பாறுவார், பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் "சரி, புறப்படலாமா?" என்று எழுந்துவிடுவார். களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. பெண்களும் வயதானவர்களும் மலையில் சோர்ந்து போவதற்குப் பாதிக் காரணம் மலையல்ல, உடன் வந்தவர்கள்.

வழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். முதலில் நிழலான காடு. கரமனையாறு, வாழப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் குறுக்கிடும். கால் நனைத்து, பாத்திரத்தை நிரப்பிக்கொண்டு உல்லாசமாகப் போகலாம். இந்த உல்லாசத்தில் நேரத்தை இழக்கிறவர்கள்தான் அதிகம். அட்டையாற்றுக்கு அப்பால் நிழல் விலகி, புல் மேடு வந்துவிடும். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும் இடம் அது. தொப்பியும், உப்புச் சேர்த்த எலுமிச்சை நீரும் அங்கேதான் வேண்டும். பிறகு ஏழு மடக்குத் தேரி என்ற ஏற்றம். பெயருக்கேற்ப மடங்கி மடங்கிப் போகும். கடைசியாக முட்டிடிச்சான் தேரி. ஏறும்போது சொந்த முழங்காலே நெஞ்சில் முட்டும் என்பது பெயரின் தாத்பரியம். மலையாளம் தெரியாதவர்களுக்கும் இந்தப் பெயர் ஏறத் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் அர்த்தமாகிவிடும். குடிசை அதற்கப்பால் இருக்கிறது. அதாவது, மிகக் கடினமான ஏற்றம் மிகவும் களைத்த வேளையில் வருகிறது. அன்றைய பலத்தையெல்லாம் காலையிலேயே செலவழித்தவர் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்.

இதற்காக ஆறு வாரமாக அப்பியாசம் நடக்கிறது. பழநியும் திருச்சி மலைக்கோட்டையும் தினம் போய்வரக்கூடிய தூரத்தில் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி இருக்கிறது. சாயங்காலம் மணி அடித்த பிறகு நானும் மகளும் முதுகில் மூட்டையோடு இருபது தடவை ஏறி இறங்குகிறோம். முதல் நாள் காவற்காரர், வாத்தியாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மனைவி வீட்டு மொட்டை மாடிப் படிகளோடு நிறுத்திக்கொண்டாள். புதுச் செருப்பு மாமியாரைப் போல. பழகின பிறகுதான் அதனோடு தூரப் பிரயாணம் செய்யலாம். ஆகவே மலைக்குப் போடப்போகும் பூட்ஸை இப்போதே போட்டுக்கொண்டு கடைக்கும் கோயில் வாசலுக்கும் நடக்கிறோம்.

மூட்டை விஷயத்தில்தான் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. என் மனைவி தயாரித்த முதல் ஜாபிதாவில் தலையணை, விசிறி, முகம் பார்க்கும் கண்ணாடி, இரண்டு டப்பா முறுக்கு, ஒரு சிறிய இட்லிப் பாத்திரம் ஆகியவை இருந்தன. எல்லாவற்றையும் பையில் அடைத்து நிறுத்துப் பார்த்தோம். 11 கிலோ இருந்தது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் யாரும் சுமக்கக் கூடாது என்பது நான் விதித்திருக்கும் வரம்பு. போனக்காட்டிலும் அதிருமலையிலும் காசு கொடுத்தால் சாப்பாடு கிடைக்கும். சூடான கஞ்சியும் பயறும் அந்தக் குளிரில் அமிர்தம். ஆகையால் சமையல் சாமான் ஒன்றும் வேண்டியதில்லை. வழிக்கு மட்டும் வாழையிலையில் கட்டிய புளியோதரை, அவல், வெல்லம், கடலை மிட்டாய். தண்ணீருக்கு எவர்சில்வர் பாத்திரம். பிளாஸ்டிக் கூடாது என்ற விதி வந்தது முதல் நம் பாட்டிமார்களின் கட்டுச்சாத முறைக்கு மீண்டும் யோகம் அடித்துவிட்டது. இட்லிப் பாத்திரம் வெளியே வந்தது. முறுக்கில் ஒரு டப்பா சிபாரிசின்பேரில் உள்ளே இருக்கிறது.

எடையைக் குறைக்கிறேன் என்று கம்பளியை எடுத்துவிடுவது மட்டும் தகாது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் உஷ்ணம் ஆறு, ஏழு டிகிரி குறையும். திருவனந்தபுரத்தில் வேர்த்துக் கொட்டுகிற வேளையில் உச்சியில் சுமார் 12 டிகிரி குறைவாக இருக்கும். அதோடு மேகமும் காற்றும் சேர்ந்துகொள்ளும். நனைந்த துணியோடு அந்தக் காற்றில் அரைமணி நின்றால் பல் கிட்டிப் போகும். ஆளுக்கொரு கம்பளிச் சட்டை, மழைக்கு ஒரு மேலங்கி, மாற்றுக் காலுறை, மின்சாரக் கைவிளக்கு, ஒரு விசில், இவை மாறா. மைத்துனர் கொண்டுவரவிருந்த பாட்டுப் பெட்டியும், என் மனைவி தலையில் வைக்கவிருந்த மல்லிகைச் சரமும் தள்ளுபடி. குடிசைக்கு மேலே வழி நெடுக ஈற்றைக் காடு. யானைக்கு அது பிரியமான ஆகாரம். அங்கே நம் காது திறந்திருக்க வேண்டும், நம்முடைய வாசனை ஊரைக் கூட்டக் கூடாது.

அதிருமலையில் இரவு தங்கி, மறுநாள் காலை உச்சிக்கு ஏற வேண்டும். சுமார் 6 கிலோமீட்டர். பொங்கல் பாறை வரைக்கும் காட்டு நடை. அதற்குமேல் செங்குத்தான பாறைகள். கயிற்றைப் பிடித்து ஏறும் இடங்கள் உண்டு. உச்சியில் அகஸ்தியரின் சிலை இருக்கிறது. மேகம் இறங்கிப் பாறை நனைந்துவிட்டால் இந்தக் கயிற்றுப் பாதை மிகவும் அபாயமானது.

இங்கேதான் குடும்பங்கள் சண்டை போட்டுக்கொள்ளும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு உச்சியைப் பார்க்காமல் திரும்புவதா என்று ஒருவர் சொல்வார். மற்றவர் வெட்கத்தால் வாயை மூடிக்கொள்வார். ஆகையால் அந்தத் தீர்மானத்தை வீட்டிலேயே, வயிறும் மனமும் நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் செய்து, காகிதத்தில் எழுதிவிட்டோம். எங்கள் யாத்திரை அதிருமலைக் குடிசைக்கு. உச்சி, கிடைத்தால் கிடைக்கட்டும். வழிகாட்டி வேண்டாம் என்றால் தர்க்கம் கிடையாது. பாறை ஈரமாக இருந்தாலும், பகல் 12 மணி ஆகிவிட்டாலும் நின்ற இடத்திலிருந்து திரும்புவது. நால்வரில் ஒருவர் பயமாக இருக்கிறது என்று சொன்னால் காரணம் கேட்காமல் அவரோடு ஒருவர் பொங்கல் பாறையிலேயே தங்கிவிடுவது. மனைவி இதைப் படித்துப் பார்த்து, "அந்த ஒருவர் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சத்தியம் செய்தேன். உண்மையில் நானாகவும் இருக்கலாம்.

உச்சியில் வீடு கட்டியே வாசம் செய்யப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காத்லாந்து விஞ்ஞானி 1852-ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக வந்தார். பூமியின் காந்த சக்தி சமவெளியிலும் மலையுச்சியிலும் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டறிய ஆசைப்பட்டு, 1855-ல் அகஸ்தியர் மலையின் உச்சியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். மோட்டார் இல்லாத காலத்தில், காந்த முள்ளும் கண்ணாடிக் கருவிகளும் இந்த முட்டிடிச்சான் நாட்டில் மனிதர் முதுகில் அல்லவா ஏறியிருக்க வேண்டும்! திருவனந்தபுரத்திலும் அகஸ்தியர் மலையிலும் எடுத்த அளவுகள் 1874-ல் லண்டனில் புத்தகமாக வெளியாயின. புத்தகத்தில் பெயர் இருப்பது பிரௌனுக்கு. சுமை தூக்கியவர்களுடைய பெயரை அட்டையில் யார் போடப் போகிறார்கள்?

அந்தக் கேள்விக்கு இந்த மலையிலேயே ஒரு மாற்றுக் கதையும் இருக்கிறது. இங்கே வாழும் பழங்குடியினர் காணிக்காரர். 1987-ல் ஆராய்ச்சிக்காக வந்த தாவரவியலார் சிலர், மேட்டில் ஏற ஏறத் தாங்கள் களைத்துப்போவதையும், வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி ஏறுவதையும் கண்டார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகு காணிகள் காட்டிய செடிதான் ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து தயாரானது. உரிமத் தொகையிலும் மருந்தின் வருமானத்திலும் பாதியைக் காணிகளுக்குக் கொடுப்பதென்று ஒப்பந்தமாகி, 1997-ல் அதற்காக அவர்களுடைய தர்மஸ்தாபனம் ஒன்றும் பதிவாயிற்று. ஏட்டில் எழுதாத அறிவுக்கும் விலை உண்டு என்று நமது தேசத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. அதற்காக வழியில் பச்சையாகக் காண்பதையெல்லாம் பறித்து வாயில் போட வேண்டாம். அது விதிக்கும் விரோதம், வயிற்றுக்கும் விரோதம்.

காணிக்காரரைப் பற்றிச் சொல்லும்போது, எங்கள் வீட்டில் நாங்கள் மிகவும் பேசிய விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். உச்சியில் இருக்கும் முனிவர் அவர்களுக்குக் குலதெய்வம், மூதாதை. பெண்கள் அங்கே போவதில்லை என்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். வன இலாகாவினரும் பெண்களை விடாமலிருந்தார்கள். 2018 நவம்பரில் கேரள ஹைக்கோர்ட்டு, பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் ஸ்ரீமதி தன்யா சனல் உச்சியை அடைந்தார். காணிகள் போனக்காட்டில் கூடித் தங்கள் வருத்தத்தை அமைதியாகத் தெரிவித்தார்களே தவிர, யாரையும் வழிமறிக்கவில்லை.

தீர்ப்பு நியாயமானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. சர்க்கார் காட்டில், சர்க்கார் சீட்டுக் கொடுத்து அனுப்பும் வழியில், என் பையனுக்கு இடம் உண்டு, பெண்ணுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என் மகள் கேட்ட கேள்வி வேறு. "அப்பா, நம்மைக் கைப்பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போகிறவரே காணிக்காரராக இருக்கலாம். அவர் மனம் நோகும் என்று தெரிந்தும் சிலை வரைக்கும் நான் போகலாமா?" என்றாள். அவளுடைய தாய், "போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் உனக்கு அப்புறம் வருகிறவளும் யோசித்துக்கொண்டுதான் நிற்பாள்" என்றாள். மைத்துனர் அவர்கள் வழக்கத்தின் பக்கம் பேசினார். நான் வாத்தியார் ஆகையால் இருபக்கத்து நியாயங்களையும் எடுத்துச் சொல்லிவிட்டு, விடை சொல்லாமல் விட்டேன். உச்சிப் பாறை வரை போக அவளுக்கு உரிமை உண்டு; சிலைக்கு அருகே நிற்பதா, நாலடி தள்ளி நிற்பதா என்பது அவளே அங்கு போய்த் தீர்மானிக்க வேண்டியது. நாங்கள் ஒருவரும் இழுக்கவும் மாட்டோம், தடுக்கவும் மாட்டோம் என்பதை மேற்சொன்ன காகிதத்தில் ஐந்தாவது நிபந்தனையாகச் சேர்த்தாயிற்று.

மூன்றாம் நாள் அதிருமலையிலிருந்து இறக்கம். இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு முழங்கால் பாடம் கற்பிக்கும். மனைவிக்காக ஊன்றுகோல் இரண்டு வாங்கியிருக்கிறேன். இறங்கின அன்றே இரவு ரயிலில் ஊர் திரும்பித் தொலைய வேண்டும் என்று அவசரப்படாமல், திருவனந்தபுரத்தில் ஓர் இரவு தங்குவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புறப்படுவதற்கு முதல் நாள், அடுத்த வீட்டு நண்பரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நால்வர் பெயரும் வயதும், எந்த வழியில் ஏறுகிறோம், எந்த இரவு எங்கே படுக்கிறோம், மூன்றாம் நாள் இரவு எத்தனை மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வர வேண்டும், வராவிட்டால் வன இலாகாவில் எந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவு 9 மணி என்று எழுதியிருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தால், அதைக் கோடிட்டு அடித்துவிட்டு, மகள் தன் கையெழுத்தில் 7 மணி என்று திருத்தியிருக்கிறாள்.